4 மணி நேரத்தில் 4 டன் தூக்கும் ‘பார்ட் டைம்’ வேலை! குடோனுக்கு புதுசா போறவங்க உடம்பு தாங்குமா? - ஒரு அலசல்

‘பார்ட் டைம் வேலை. 4 மணி நேரம் தான். முன் அனுபவம் தேவையில்லை. உடனே சேரலாம்...’

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மப்பேடு, செங்குன்றம், புதுவாயல் என்று குடோன்கள் வரிசை கட்டி நிற்கும் ஊர்களில் இந்த மாதிரி அறிவிப்புகளுக்கு பஞ்சமே இல்லை. டீக்கடை சுவர் முதல் வாட்ஸ்-அப் குரூப் வரை கண்ணில் படுகின்றன. ஆன்லைனில் பொருள் வாங்குவது கூடக்கூட, பார்சலை இறக்க, பிரிக்க, அடுக்க, ஏற்ற ஆள் தேவையும் கூடிக்கொண்டே போகிறது. ஆயுத பூஜை, தீபாவளி ஆபர் சமயத்தில் கேட்கவே வேண்டாம். லாரி லாரியாக சரக்கு வரும். வேன் வேனாக ஆளும் வந்து இறங்குவார்கள்.

காலேஜ் படிக்கும் பையன்கள், பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், வீட்டு செலவுக்கு கொஞ்சம் காசு சேர்க்க நினைக்கும் பெண்கள் என்று பலரும் இந்த வேலைக்கு போகிறார்கள். ‘4 மணி நேரம் தானே... பார்சல் தானே... மூட்டையா தூக்கப் போறோம்?’ என்பதுதான் போகும்போது இருக்கும் நினைப்பு.

இரண்டாம் நாள் காலையில் படுக்கையில் இருந்து எழுந்திருக்க முடியாது. மூன்றாம் நாள் கை விரல் மடங்காது. ‘நமக்கு இது லாயக்கு இல்ல’ என்று அந்த வாரத்திலேயே நின்று விடுகிறவர்கள் ஏராளம். நிற்காமல் பல்லை கடித்துக்கொண்டு தொடர்கிறவர்களில் சிலர் இடுப்பை கெடுத்துக்கொள்கிறார்கள்.

தப்பு அவர்கள் உடம்பில் இருக்கிறதா, வேலை கொடுக்கும் முறையில் இருக்கிறதா? இதுதான் கேள்வி.

பெட்டி சின்னது, கணக்கு பெருசு

ஒரு சின்ன கணக்கு போட்டு பார்ப்போம்.

ஒரு மணி நேரத்துக்கு 200 பார்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார்சல் சராசரியாக 5 கிலோ. 4 மணி நேரத்தில் 800 பார்சல். மொத்தம் 4 ஆயிரம் கிலோ. அதாவது 4 டன்! 18 வினாடிக்கு ஒரு பார்சல் வீதம் இடைவிடாமல் கையாண்டால்தான் இந்த கணக்கு தேறும்.

இதில் பாதி பார்சலை தரையில் இருந்து எடுப்பதாக இருந்தால் 400 தடவை குனிந்து நிமிர வேண்டும். குனிந்து நிமிரும்போது இடுப்பு தூக்குவது பெட்டியை மட்டும் அல்ல. தலை, தோள், மார்பு, கை என்று உடம்பின் மேல்பாதியையும் சேர்த்துத்தான் தூக்குகிறது. அதனால்தான் ஒரு கிலோ செருப்பு பெட்டியாக இருந்தாலும் 400 தடவை என்றால் இடுப்பு விட்டுப் போகிறது.

எவ்வளவு எடை வரை தூக்கலாம் என்பதற்கு உலக அளவில் சில கணக்குகள் உண்டு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-ல் வெளியிட்ட பரிந்துரையில் வயது வந்த ஆண் ஒருவருக்கு உச்ச அளவு 55 கிலோ என்று சொன்னது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ‘நியோஷ்’ 1991-ல் திருத்தி எழுதிய கணக்கு வேறு மாதிரி. எல்லா வசதியும் சரியாக இருந்தால் கூட 23 கிலோ தான் பாதுகாப்பான அளவு என்கிறது அது.

எல்லா வசதியும் என்றால்? சுமை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் இருந்து எடுக்க வேண்டும். உடம்பை திருக்கக்கூடாது. பிடித்து தூக்க நல்ல பிடி இருக்க வேண்டும். அடிக்கடி தூக்கக்கூடாது. இதில் ஒவ்வொன்று குறையும்போதும் அந்த 23 கிலோவும் குறைந்துகொண்டே வரும். லாரிக்குள் குனிந்து, எட்டிப் பிடித்து, திரும்பி பெல்ட்டில் போடும் ஆளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளலாம்.

மூட்டை தூக்கிய அப்பாவுக்கும் பார்சல் தூக்கும் மகனுக்கும்...

‘எங்க அப்பா நூறு கிலோ அரிசி மூட்டை தூக்கினாரு. இதெல்லாம் ஒரு வேலையா?’ என்று வீட்டிலேயே கேட்பவர்கள் உண்டு. லோடுமேன் வேலை லேசான வேலை அல்ல. பல பேருடைய முதுகையும் முழங்காலையும் தின்ற வேலை அது. ஆனால் ஒரு வித்தியாசத்தை கவனிக்க வேண்டும்.

மண்டியிலும் மார்க்கெட்டிலும் லோடுமேன்கள் ஒரு செட்டாக வேலை செய்வார்கள். புதுசாக வந்த பையனை முதலில் மூட்டையை நகர்த்தவும், தூக்கி விடவும் விடுவார்கள். தலையில் சும்மாடு எப்படி வைப்பது, கொக்கியை எங்கே போடுவது, பலகையில் எப்படி ஏறுவது என்று மூத்த ஆள் சொல்லிக் கொடுப்பார். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு லாரி முடிந்தால் டீ. வேகத்தை முடிவு செய்வது அந்த செட்டு தான். அவர்களுக்கு பின்னால் சங்கம் இருந்தது. தமிழ்நாடு அரசும் 1982-ல் உடலுழைப்பு தொழிலாளர்களுக்கென்று தனி சட்டம் கொண்டு வந்தது. அதன் வழியாக நல வாரியமும் வந்தது.

குடோனில் வேகத்தை முடிவு செய்வது கையில் இருக்கும் ஸ்கேனரும், ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டும் தான். எத்தனை பார்சல், எத்தனை நிமிஷம், எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்று எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரிவதற்குள் அவர் வேலையை விட்டு போயிருப்பார். சொல்லிக் கொடுக்க மூத்த ஆள் இல்லை. அரை மணி நேரம் வீடியோ காட்டி, ஜாக்கெட்டை மாட்டி உள்ளே அனுப்பினால் அதுவே பெரிய டிரெயினிங்.

சுமை குறைந்தது உண்மை. நிதானமும் சேர்ந்து போய்விட்டது என்பதும் உண்மை.

முதல் வாரம் தான் கண்டம்

பல இடங்களில் நடக்கும் பெரிய தப்பு இதுதான். ஆறு மாதம் பழகிய ஆளுக்கு என்ன டார்கெட்டோ, அதையே இன்று காலை சேர்ந்த ஆளுக்கும் வைப்பது.

உடம்பு ஒரே நாளில் பழகாது. தசைக்கு சில வாரம் தேவை. சூட்டுக்கு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். தகர ஷீட் போட்ட குடோனுக்குள் சித்திரை, வைகாசியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த சூடு தெரியும். வெயிலில் நின்ற லாரியின் கதவை திறந்து உள்ளே ஏறினால் அடுப்புக்குள் போன மாதிரி இருக்கும்.

இதற்கும் ‘நியோஷ்’ ஒரு கணக்கு சொல்கிறது. சூடான இடத்தில் புதுசாக வேலைக்கு சேர்ந்தவருக்கு முதல் நாள் 20 சதவீத நேரம் மட்டுமே சூட்டில் வேலை கொடுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நாளும் 20, 20 சதவீதமாக கூட்ட வேண்டும். ஐந்தாம் நாள்தான் முழு வேலை. பழைய ஆளே கொஞ்ச நாள் லீவில் போய்விட்டு வந்தாலும் முதல் நாள் 50 சதவீதம், அடுத்து 60, 80 என்று ஏற்றி, நாலாம் நாள்தான் முழு வேலைக்கு வர வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்? திறந்தவெளி வேலைகளில் சூட்டினால் நடக்கும் சாவுகளில் 50 முதல் 70 சதவீதம் வரை, வேலைக்கு சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நடப்பதாக அமெரிக்க தொழில் பாதுகாப்பு துறை சொல்கிறது. பழகாத உடம்பு தான் முதலில் விழுகிறது.

நம்ம ஊரிலும் வெப்ப அலையை தமிழ்நாடு அரசு 2024-ல் மாநில பேரிடராக அறிவித்தது. வெயில் பேரிடர் என்றால், வெயிலில் காய்ந்த லாரிக்குள் நிற்பவரையும் அந்த கண்ணோட்டத்தில் தானே பார்க்க வேண்டும்?

மானேசரில் நடந்தது என்ன?

டார்கெட் எந்த அளவுக்கு போகும் என்பதற்கு 2024-ல் வெளிவந்த ஒரு விவகாரம் போதும்.

அரியானா மாநிலம் மானேசரில் உள்ள அமேசான் குடோனில், 24 அடி நீள லாரிகள் 6-ல் இருந்து சரக்கை இறக்கி முடிக்கும் வரை தண்ணீர் குடிக்கவோ, கழிவறைக்கோ போக மாட்டோம் என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கியதாக பத்திரிகையில் செய்தி வந்தது. நாடு முழுவதும் பரபரப்பானது. அந்த ஆண்டு ஜூன் மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்து, மத்திய தொழிலாளர் துறைக்கு நோட்டீசு அனுப்பியது. இது வருந்தத்தக்க, தனிப்பட்ட ஒரு சம்பவம் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

அந்த செய்தியில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. சாப்பாடு, டீ இடைவேளை எடுக்காமல் இறக்கினாலும் ஒரு நாளைக்கு 4 லாரிக்கு மேல் முடியாது என்று அங்கே வேலை பார்த்த தொழிலாளி சொல்லியிருந்தார். முடியாத ஒன்றை டார்கெட் என்று வைத்தால், குறைவது தண்ணீரும் ஓய்வும் தான். வேறு எதை குறைப்பார் அந்த ஆள்?

தூக்குவதில் ஒரு பழக்கம் இருக்கு

நிறுவனம் மாறும் வரை உடம்பு காத்திருக்காது. முதல் நாளில் இருந்தே பழக்கத்தில் கொண்டு வர வேண்டியவை சில உண்டு.

* தூக்கும் முன் காலால் லேசாக தள்ளிப் பாருங்கள். பெட்டி பெருசா இருக்கும், உள்ளே தலையணை இருக்கும். சின்னதா இருக்கும், உள்ளே இரும்பு இருக்கும். எடை தெரியாமல் வெடுக்கென்று இழுப்பதில்தான் பாதி பேருக்கு பிடிப்பு ஏற்படுகிறது.

* முழங்காலை மடக்கி, பெட்டியை வயிற்றோடு ஒட்டி எடுங்கள். கையை நீட்டி தூக்கினால் அதே பெட்டி இடுப்புக்கு பல மடங்கு பாரம்.

* திரும்பும்போது இடுப்பை திருக்காதீர்கள். பாதத்தை நகர்த்தி முழு உடம்போடு திரும்புங்கள். அவசரத்தில் முதலில் மறப்பது இதைத்தான்.

* கனமானதை கீழே, லேசானதை மேலே அடுக்குங்கள். செங்கல் சுவர் மாதிரி மாற்றி மாற்றி வைத்தால் சரியாது. லாரிக்குள் தலைக்கு மேல் இருக்கும் பெட்டியை கீழ் வரிசையில் இருந்து உருவி எடுக்கவே கூடாது. மேலே இருப்பது முகத்தில் விழும்.

* ஒற்றை ஆளால் ஆகாத பெட்டிக்கு பக்கத்து ஆளை கூப்பிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாஷிங் மெஷினை ஒருத்தராக நகர்த்தி காட்டினால் யாரும் மெடல் கொடுக்க மாட்டார்கள்.

* முதல் அரை மணி நேரம் ஓடாதீர்கள். புது ஆட்கள் ஆரம்பத்தில் வேகம் காட்டி, இரண்டாவது மணியில் விழுந்து விடுகிறார்கள். பழைய ஆட்களை பாருங்கள். ஆரம்பத்தில் என்ன வேகமோ, கடைசி வரை அதே வேகம்.

இடுப்பு பெல்ட் கட்டினால் போதும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நல்ல உடம்புள்ள தொழிலாளிக்கு பெல்ட் முதுகு காயத்தை தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ‘நியோஷ்’ 1994-லேயே சொல்லிவிட்டது. பெல்ட் கட்டிய தைரியத்தில் கூட தூக்குவதுதான் ஆபத்து. அந்த காசுக்கு நல்ல பிடிமானம் உள்ள ஷூ வாங்கலாம்.

தண்ணீரை தாகம் எடுத்தபின் குடிப்பது சூட்டு வேலைக்கு சரிப்படாது. 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். டீ, பிஸ்கட்டோடு ஷிப்டுக்கு போகாமல், ஒரு மணி நேரம் முன்னால் சோறோ, இட்லியோ சாப்பிட்டு விடுங்கள். உப்பு போட்ட மோர், எலுமிச்சம்பழ தண்ணீர் கையில் இருந்தால் நல்லது. காலேஜ் முடித்தோ, 8 மணி நேர வேலை முடித்தோ வருகிறவர்களுக்கு இது 4 மணி நேர வேலை அல்ல. உடம்பு கணக்கில் அது 12 மணி நேரம். தூக்கத்தை வெட்டினால் வாரக்கடைசிக்குள் உடம்பு காட்டிக் கொடுத்துவிடும்.

எந்த வலி சாதாரணம்? எது ஆபத்து?

புது வேலை செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை, தோள், முதுகு தசையில் வலி வருவது சகஜம். மூன்று நாளில் குறைய ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில் போய்விடும்.

ஆனால் கீழே சொல்லும் அறிகுறி இருந்தால் ‘சரியாயிடும்’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.

இடுப்பில் இருந்து வலி காலுக்கு இறங்குவது. கால், கை விரல் மரத்துப் போவது. சிறுநீர், மலத்தை அடக்க முடியாமல் போவது. சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போவது. வேலை இடத்தில் தலை சுற்றி, வாந்தி வந்து, பேச்சு குழறுவது. இதில் பேச்சு குழறுவதும் மயக்கமும் உயிர் போகிற விஷயம். அந்த ஆளை நிழலுக்கு தூக்கிப் போய், உடம்பில் தண்ணீர் ஊற்றி, காற்று படும்படி செய்து, 108-க்கு போன் போட வேண்டும். சூப்பர்வைசர் அனுமதிக்காக காத்திருக்கக்கூடாது.

இன்னொன்று. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு போகும் பழக்கம். வலி என்பது உடம்பு கொடுக்கும் சிக்னல். வெயிலில் தண்ணீர் இல்லாமல் வேலை செய்துவிட்டு தினமும் வலி மாத்திரை விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கும்.

பார்ட் டைம்னா உரிமை இல்லையா?

‘நீ பார்ட் டைம். உனக்கு இ.எஸ்.ஐ. கிடையாது’ என்று சொல்லும் கான்டிராக்டர்கள் உண்டு. பார்ட் டைம் என்பதால் மட்டும் இ.எஸ்.ஐ. இல்லை என்று ஆகிவிடாது. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும் நிறுவனத்தில், மாத சம்பளம் 21 ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் கான்டிராக்ட் ஆளுக்கும் அது பொருந்தும். சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

இதனால் என்ன பயன்? வேலையில் அடிபட்டு தற்காலிகமாக வேலைக்கு போக முடியாமல் போனால் சம்பளத்தில் 90 சதவீதம் வரை இ.எஸ்.ஐ. கொடுக்கும். இதற்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் கேட்கலாம். ஆனால் அடிபட்டது அன்றைக்கே குடோனில் உள்ள விபத்து பதிவேட்டில் ஏற வேண்டும். ‘வீட்டுக்கு போய் ரெஸ்ட் எடு, நாளைக்கு பாத்துக்கலாம்’ என்று சொன்னால் உஷார். நாளைக்கு அந்த காயம் வீட்டில் பட்ட காயம் ஆகிவிடும்.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்ட தொகுப்புகளிலும் சில விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் நியமன கடிதம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் வேலை 8 மணி நேரம். அதற்கு மேல் ஓ.டி. என்றால் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். இரண்டு மடங்கு கூலி கொடுக்க வேண்டும். கான்டிராக்டர் சம்பளம் கொடுக்காமல் ஓடினால், வேலை வாங்கிய நிறுவனம் பொறுப்பு. சட்டத்தை பற்றி தொழிற்சங்கங்களுக்கு பல விமர்சனங்கள் உண்டு. ஆனால் இருக்கும் உரிமையையாவது கேட்டு வாங்குவதில் தப்பு இல்லை.

அமெரிக்காவில் கேட்டார்கள்... கிடைத்தது

பார்ட் டைம் ஆட்களுக்காக போராடி ஜெயித்த கதையும் உண்டு. அமெரிக்காவில் யு.பி.எஸ். பார்சல் கம்பெனியில் 1997 ஆகஸ்டில் சுமார் 1 லட்சத்து 85 ஆயிரம் தொழிலாளர்கள் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பார்ட் டைம் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு நிரந்தரமாக வேலை வாங்குகிறார்கள் என்பது முக்கிய புகார். முடிவில் பார்ட் டைம் வேலைகளை இணைத்து 10 ஆயிரம் முழு நேர வேலைகளை உருவாக்க கம்பெனி ஒப்புக்கொண்டது.

கலிபோர்னியா மாநிலத்தில் 2022 ஜனவரி 1 முதல் குடோன் டார்கெட்டுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. டார்கெட் என்ன என்பதை தொழிலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரம், ஓய்வு, கழிவறைக்கு போகும் நேரத்தை விழுங்கும் டார்கெட் வைக்கக்கூடாது. இந்த சட்டத்தை மீறியதாக 2024-ல் அமேசானின் 2 குடோன்களுக்கு மொத்தம் 59 லட்சம் டாலர் அபராதம் விதித்தது அந்த மாநில தொழிலாளர் துறை. அபராதத்தை ஏற்காமல் நிறுவனம் மேல்முறையீடு செய்தது.

நம்ம ஊரில் குடோன் டார்கெட்டுக்கு என்று இப்படி ஒரு தனி சட்டம் இல்லை. குடோன்கள் பெருகும் வேகத்தை பார்த்தால் அது பற்றி அரசு யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சட்டம் வரும் வரை நிறுவனங்கள் செய்யக்கூடியதும் உண்டு. புது ஆளுக்கு முதல் இரண்டு வாரம் டார்கெட்டை பாதியில் இருந்து ஏற்றலாம். பழைய ஆள் ஒருவரோடு ஜோடி சேர்த்து விடலாம். ஒரு மணி நேரம் லாரிக்குள் இறக்கியவரை அடுத்த மணி நேரம் ஸ்கேனிங்கில் போடலாம். லாரி வாசலில் பெரிய பேன் வைக்கலாம். தரையில் கொட்டுவதற்கு பதில் இடுப்பு உயரத்தில் ரோலர் மேஜை போடலாம். இதெல்லாம் செலவு என்று நினைப்பவர்கள், மூன்று நாளில் ஓடிப்போகும் ஆளுக்கு பதில் ஆள் பிடிக்க ஆகும் செலவையும் கணக்கு பார்க்க வேண்டும்.

சேரும் முன் கேளுங்க

குடோன் வேலைக்கு போக நினைப்பவர்கள் சேரும் அன்றைக்கே ஐந்து கேள்வி கேட்கலாம். சம்பளம் தருவது யார், கம்பெனியா கான்டிராக்டரா? இ.எஸ்.ஐ., பி.எப். நம்பர் எப்போது வரும்? புது ஆளுக்கு டார்கெட் எவ்வளவு? எத்தனை மணிக்கு இடைவேளை, தண்ணீர் எங்கே? அடிபட்டால் யாரிடம் சொல்வது?

பதில் சொல்பவர் முகத்தை வைத்தே இடம் எப்படி என்று பாதி தெரிந்துவிடும். தனியாக கேட்க தயக்கமாக இருந்தால் அதே வேனில் வரும் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

இரண்டு, மூன்று வாரம் தாக்குப்பிடித்தால் உடம்பு பழகும், கை பழகும், வேலையும் லேசாகும். பலர் அப்படி பழகி, படிப்பு செலவை தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். அதே இரண்டு, மூன்று வாரம் கழித்தும் வலி கூடிக்கொண்டே போனால், தண்ணீர் குடிக்கவும் விடாத இடமாக இருந்தால், அந்த வேலையை விடுவது தோல்வி அல்ல. பார்சல் ஒரு நாள் லேட்டாக போகலாம். 20 வயதில் போன இடுப்பை எந்த ஆபரிலும் திரும்ப வாங்க முடியாது.